மஞ்சள் உறையும் இரண்டாவது சோதனையும்

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டு, வட ரைன் வெஸ்ட்பாலியாவிலிருந்து ஒரு தங்கச்சி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 26. பிறந்ததும் படித்ததும் இங்கேதான், ஜேர்மன் குடியுரிமை உள்ளவர். சட்டத்தில் முதலாவது அரச சோதனையை நல்ல புள்ளிகளோடு முடித்துவிட்டார். அடுத்தது இரண்டு வருட நீதித்துறைப் பயிற்சி, இங்கே ரெஃபெரெண்டாரியாட் என்பது, அதன் முடிவில்தான் இரண்டாவது அரச சோதனை. பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் இரண்டு மாதமாக மேசையில் கிடக்கிறதாம், நிரப்ப மனம் வரவில்லையாம்.

காரணம் சுற்றாடல் அரசியல். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வருசாவருசம் போய் வளர்ந்த பிள்ளை இவர். பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைக்காகத் தேடியபோதுதான் கோயில் இருக்கும் அதே ஊண்ட்றொப் பகுதியில் 1980களில் ஒரு தோரியம் அணு உலை ஓடியதைப் படித்திருக்கிறார். செர்னோபில் விபத்து நடந்து ஒரு கிழமை கழிய, 1986 மே 4ஆம் திகதி, அந்த உலையிலிருந்து கதிரியக்கத் தூசி வெளியேறியது. அது உடனே வெளியே தெரியவரவில்லை. 1989இல் உலையை மூடினார்கள், 1991இல் குளிரூட்டும் கோபுரத்தை வெடிவைத்துச் சரித்தார்கள். "நாங்கள் காவடி பார்க்கப் போன ஊரில் இப்படி ஒன்று இருந்ததென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது அக்கா" என்று எழுதியிருக்கிறார். அன்றிலிருந்துதான் இந்த விசயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

பிறகு ஒரு கட்சியின் உள்ளூர்ச் சுற்றாடல் குழுவில் சேர்ந்தார். போன வருசம் ஒரு சந்தியில் நடந்த வீதி மறியலில் 40 நிமிடம் உட்கார்ந்தார். இப்போது வீட்டுக்கு மஞ்சள் உறையில் நீதிமன்றக் கடிதம் வந்திருக்கிறது: வற்புறுத்தல் குற்றம், 30 நாள் தண்டம், நாளுக்கு 25 யூரோ, மொத்தம் 750 யூரோ. உறையைப் பிரித்தது அப்பா. அவர் 1985இல் அகதியாக வந்தவர். சமையலறையில் கோப்பை கழுவி, பிறகு தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அந்தக் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

கடிதத்தின் கடைசிப் பக்கம் முழுவதும் யோ லைனன் என்ற ஜேர்மன் அரசியல்வாதியைப் பற்றியது. "அவரும் சட்டத்தரணி. சட்டத்தை விட்டுத் தெருவில் இறங்கினார், பசுமைக் கட்சியால் அமைச்சரானார், ஐரோப்பியப் பாராளுமன்றம் வரை போனார். நானும் ஏன் சோதனையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கக்கூடாது? 750 யூரோவைக் கட்டிவிட்டு இதை மறக்கலாமா? தமிழ்ப் பெண்ணாக எனக்கு இதில் இடம் இருக்கிறதா?" இவைதான் கேள்விகள்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கால அவகாசம் பற்றிய பகுதியை மட்டும் உங்களுக்கு அன்றைக்கே தனியாக எழுதி அனுப்பினேன், இந்தப் பக்கம் வெளிவரும்வரை அது காத்திருக்காது. ஆனாலும் இதே மஞ்சள் உறை வேறு வீடுகளுக்கும் வரும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்த உறை

உறையை எறிந்துவிடாதீர்கள். அதன் வெளிப்பக்கத்தில் தபால்காரர் பேனையால் ஒரு திகதி எழுதியிருப்பார். கடிதத்துக்குள் அச்சிட்டிருக்கும் திகதியை விட அந்தப் பேனைத் திகதிதான் முக்கியம், அதிலிருந்துதான் இரண்டு கிழமை எண்ணப்படும். நீங்கள் வீட்டில் இல்லாமல் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் எண்ணிக்கை அன்றே தொடங்கும். அப்பா எப்போது பிரித்தார், நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்பதை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

உங்களுக்கு வந்தது ஸ்ட்ராஃப்பெஃபேல், தண்டனைக் கட்டளை. அரச வழக்குத்தொடுநர் கேட்க, நீதிபதி விசாரணை வைக்காமல் கோப்பைப் பார்த்துக் கையெழுத்திடுவது. வேகமாக வண்டி ஓடியதற்கு வரும் தண்டப்பணக் கடிதம் போல ஒன்று என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள், அது பிழை. இரண்டு கிழமைக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் இது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமன், நீங்கள் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர். "கட்டிவிட்டு மறக்கலாமா" என்று கேட்கிறீர்கள். கட்டலாம், ஆனால் அது மறக்கிற வகையான கொடுப்பனவு இல்லை.

ஆட்சேபம் ஒரு வரியில் எழுதினால் போதும். வழக்கு இலக்கத்தைப் போட்டு, இன்ன கட்டளைக்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்து நீதிமன்றத் தபால்பெட்டியில் போடுங்கள், அல்லது நேரே அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்யச் சொல்லுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை. சாதாரண மின்னஞ்சல் செல்லாது, இதில் தவறவிட்ட எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

ஆட்சேபித்தால் என்ன நடக்கும்? பொதுவாக விசாரணைக்குத் திகதி வைப்பார்கள். அங்கே நீதிபதி இந்த 30 நாளோடு கட்டுப்பட்டவர் அல்ல, கூட்டவும் முடியும். அந்த ஆபத்தை மறைக்கமாட்டேன். ஆனால் விசாரணை தொடங்கும்வரை ஆட்சேபத்தை நீங்கள் தனியே திரும்ப எடுக்கலாம், தொடங்கிவிட்டால் வழக்குத்தொடுநரின் சம்மதமும் வேண்டும். அதனால் முதலில் ஆட்சேபத்தைப் போட்டு, சட்டத்தரணி ஒருவர் கோப்பை எடுத்துப் பார்த்த பிறகு தொடர்வதா விடுவதா என்று முடிவெடுப்பதுதான் புத்தி. தொகை மட்டும் கூடிப்போயிருந்தால் ஆட்சேபத்தை அந்த நாள் தொகைக்கு மட்டும் மட்டுப்படுத்தவும் வழி இருக்கிறது. நாள் தொகை என்பது மாத நிகர வருமானத்தை 30ஆல் பிரித்து வருவது. நீங்கள் வேலை செய்யும் அலுவலகத்தில் பகுதிநேரமாக 600 யூரோ தான் வருகிறதென்றால் 25 எங்கிருந்து வந்தது? பொலிஸாரிடம் வருமானம் சொல்லாதவர்களுக்கு மதிப்பிட்டு எழுதிவிடுவார்கள்.

இன்னொரு கதவும் உண்டு. வழக்குத்தொடுநரும் நீதிமன்றமும் சம்மதித்தால், ஒரு பொது நிறுவனத்துக்கு ஒரு தொகை கொடுத்து வழக்கை முடித்துவைக்கலாம். பணம் போகும், ஆனால் குற்றத்தீர்ப்பு இல்லை. முதல் தடவை, ஒருவருக்கும் காயமில்லை, வாகனங்கள் சுற்றிப் போக வழி இருந்தது, அம்புலன்ஸுக்கு இடம் விட்டிருந்தீர்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறபடி எல்லாம் கோப்பிலும் இருந்தால், உங்கள் சட்டத்தரணி முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான்.

ப்ரோக்டோர்ஃப் தீர்ப்பைக் காட்டி விடுதலை வாங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். 1981 பெப்ரவரியில் ப்ரோக்டோர்ஃப் அணுமின் நிலையத்துக்கு எதிரான ஊர்வலத்தை அந்த வட்டாரம் முழுவதிலும் தடைசெய்தார்கள், தடையையும் மீறிப் பெருங்கூட்டம் போனது. 1985 மே 14ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது கூட்டம் கூடும் உரிமையைப் பற்றி: ஒரு சிலர் வன்முறை செய்வார்கள் என்ற பயத்துக்காக அமைதியாக வரும் ஆயிரக்கணக்கானவர்களின் உரிமையைப் பறிக்க முடியாது, அதிகாரிகள் ஏற்பாட்டாளர்களோடு ஒத்துழைக்க வேண்டும். அருமையான தீர்ப்பு. ஆனால் வாகனத்தை மறித்து உட்காருவது குற்றமா என்ற கேள்விக்கு அதில் உங்களுக்கு வேண்டிய விடை கிடைக்காது.

அந்தக் கேள்விக்குப் படிக்க வேண்டியது 1995 ஜனவரித் தீர்ப்பு. சும்மா உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து, வற்புறுத்தல் குற்றத்துக்கு வேண்டிய "வன்முறை" என்று சொல்ல முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. சில மாதங்களில் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் அதற்கு ஒரு சுற்றுவழி கண்டது: முதல் வரிசையில் நிற்கும் கார், பின்னால் நிற்கும் கார்களுக்கு உண்மையான தடை, ஆகவே அது வன்முறை. இன்றைக்கும் வழக்குகள் ஓடுவது இந்த இரண்டாவது வரிசைக் கதையில்தான். அதற்கு மேலே, செயல் கண்டிக்கத்தக்கதா என்று நீதிபதி நிறுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் மறித்தீர்கள், முன்கூட்டி அறிவித்தீர்களா, மாற்று வழி இருந்ததா, மறிக்கப்பட்டவர்களுக்கும் உங்கள் கோரிக்கைக்கும் சம்பந்தம் உண்டா என்பதெல்லாம் அந்தத் தராசில் வரும். 40 நிமிடம், முன்னறிவித்தல், சுற்றுவழி: உங்கள் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. வெல்வீர்கள் என்று வாக்குத் தர மாட்டேன்.

30 நாள் தண்டம் அப்படியே நின்றாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. வேறு பதிவுகள் இல்லாவிட்டால் 90 நாள் வரையான தண்டம், வேலைக்குக் கொடுக்கும் சாதாரண பொலிஸ் நற்சான்றிதழில் வராது. "தண்டனை பெற்றவரா" என்று ஒரு முதலாளி கேட்டால் இல்லை என்று சொல்லச் சட்டமே உரிமை தருகிறது. ஆனால் மத்திய பதிவேட்டில் 5 வருடம் கிடக்கும். நீதிமன்றங்களும் நீதித்துறை நிர்வாகமும் அதைப் பார்க்க முடியும். பயிற்சி விண்ணப்பத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முதல் தடவையாக வந்த 30 நாள் தண்டத்தை விளக்கலாம், விண்ணப்பத்தில் எழுதிய பொய்யை விளக்க முடியாது.

லைனன் சட்டத்தை எங்கே விட்டார்?

இப்போது யோ லைனன். அவரை உதாரணமாக எடுத்தது எனக்குச் சந்தோசம், ஆனால் பாதிக் கதையைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

முதலில் சின்னத் திருத்தம்: அவர் பசுமைக் கட்சிக்காரர் அல்ல, எஸ்.பி.டி. சமூக ஜனநாயகவாதி. 1948இல் பிரான்ஸ் எல்லையோரம் சார்லாந்தில் பிறந்தவர். சார்ப்ரூக்கன், பொன் நகரங்களில் சட்டமும் பொருளாதாரமும், பிறகு பெல்ஜியத்தில் புரூஜ் ஐரோப்பியக் கல்லூரி. ஜேர்மனியில் படித்த ஒருவர் இங்கே சட்டத்தரணியாக வேண்டுமென்றால் இரண்டு அரச சோதனைகளும் முடிய வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் சட்டத்தரணி. அப்படியானால் நீங்கள் விட நினைக்கும் அந்த இரண்டாவது சோதனையை அவர் எழுதினார்.

1977இலிருந்து 1984 வரை அவர் இருந்தது நாடு முழுவதும் உள்ள சுற்றாடல் குடிமக்கள் குழுக்களின் கூட்டமைப்பின் நிர்வாகத்தில். அணுமின் எதிர்ப்பின் முகங்களில் ஒருவர். 1980களின் தொடக்கத்தில் பொன் நகரத்தில் லட்சக்கணக்கில் கூடிய சமாதான இயக்கத்தின் பேச்சாளர்களில் ஒருவர். படத்தில் நாம் காண்பது ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கும் ஆள். அந்தக் குழுக்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது என்ன என்று யோசியுங்கள். ஊர்வல அனுமதி, தடைக்கு எதிரான அவசர மனு, கட்டுமான அனுமதிக்கு எதிரான ஆட்சேபம், கைதானவர்களுக்குச் சட்டத்தரணி.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது வீல் கிராமத்தை. ரைன் கரையில் 1975 பெப்ரவரியில் திராட்சைத் தோட்டக்காரர்களும் அவர்கள் மனைவிமாரும் அணுமின் நிலையம் கட்டவிருந்த காணியில் போய் உட்கார்ந்தார்கள். பொலிஸார் அப்புறப்படுத்தினார்கள். சில நாட்களில் பல்லாயிரம் பேராகத் திரும்பி வந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாதி அது. மற்றப் பாதி பிரைபுர்க் நிர்வாக நீதிமன்றத்தில் நடந்தது. 1977இல் அந்த நீதிமன்றம், உலைக்கலன் வெடித்தால் தாங்கும் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி அனுமதியை நிறுத்தியது. மேல் நீதிமன்றங்கள் 1982இலும் 1985இலும் மறுபக்கம் தீர்ப்புச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது, அந்த நிலையம் கட்டப்படவேயில்லை. காணியில் உட்கார்ந்தவர்கள் இல்லாவிட்டால் வழக்குக்குப் பலம் இருந்திருக்காது, வழக்கு இல்லாவிட்டால் அவ்வளவு வருடம் இழுத்துப் பிடித்திருக்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்துதான் அந்த ஊரைக் காப்பாற்றியது.

1985இல் சார்லாந்து தேர்தல். ஒஸ்கார் லாஃபொன்தேன் எஸ்.பி.டி.யை அங்கே முதல் தடவையாகத் தனியே ஆட்சிக்குக் கொண்டுவந்தார், லைனனைச் சுற்றாடல் அமைச்சராக்கினார். அப்போது அவருக்கு 37 வயது. தெருவிலிருந்து நேரே நாற்காலிக்கு என்று நீங்கள் எழுதியதற்கு நடுவில் எட்டு வருடக் கூட்டமைப்பு வேலை கிடக்கிறது. அதோடு இன்னொன்று: பசுமைக் கட்சி அந்தத் தேர்தலில், சபைக்குள் போக வேண்டிய 5 சதவீதத் தடையைத் தாண்டவில்லை. சுற்றாடல் வாக்குகளையும் பெரிய கட்சிக்குள் இழுக்க அவரைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டார் என்பது என் கணிப்பு. அரசியலில் ஆட்களை அழைப்பது அவர்கள் நல்லவர்கள் என்பதற்காக மட்டுமல்ல, நீங்களும் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

நிலக்கரியும் இரும்பும் சோறு போட்ட மாநிலத்தில் சுற்றாடல் அமைச்சராக இருப்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அங்கே கடைசிச் சுரங்கம் மூடியது 2012இல்தான். சுரங்கத் தொழிலாளியின் சங்கமும் உங்கள் கட்சிதான், தூசியைப் பற்றி முறைப்பாடு செய்யும் தாயும் உங்கள் வாக்காளர்தான்.

அதைவிட எனக்கு மனதில் நிற்பது கத்தனோம் விவகாரம். எல்லைக்கு அப்பால் பிரான்ஸில், மோசல் ஆற்றங்கரையில் நான்கு பெரிய உலைகள். முதலாவது 1986 பிற்பகுதியில் மின்சாரம் தரத் தொடங்கியது, செர்னோபில் நடந்த அதே வருசம். சார்லாந்து அமைச்சர் பிரான்ஸுக்கு உத்தரவு போட முடியாது. மாநிலமும் எல்லையோர ஊர்ச்சபைகளும் ஸ்ட்ராஸ்பூர்க் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போயின, அங்கிருந்து கேள்வி லக்ஸம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 1988 செப்டெம்பர் 22ஆம் திகதி தீர்ப்பு: கதிரியக்கக் கழிவை வெளியேற்ற அனுமதி கொடுப்பதற்கு முன்பே அதன் விபரங்களை ஐரோப்பிய ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்க வேண்டும். சட்டப் புள்ளியில் சார்லாந்து வென்றது. அந்த விதி இன்றும் நிற்கிறது. கத்தனோமும் இன்றும் ஓடுகிறது.

தங்கச்சி, நீங்கள் போக விரும்பும் தொழில் அநேகமான நாட்களில் இப்படித்தான் இருக்கும். பாதி வெற்றி, பத்து வருடக் கோப்பு, எதிர்த்த உலை இன்னும் ஓடுகிறது. அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த நாள் அடுத்த கோப்பைத் திறக்க முடியுமா என்று உங்களையே கேளுங்கள். சந்தியில் 40 நிமிடம் இருக்கத் துணிவு வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. இதற்கு வேண்டியது வேறொரு வகைப் பொறுமை.

அவர் 1994 வரை அமைச்சர், 1999இலிருந்து 2019 வரை ஐரோப்பியப் பாராளுமன்றத்தில். அங்கே முதலில் அரசியலமைப்பு விவகாரக் குழுவின் தலைவர், பிறகு 2009இலிருந்து 2012 தொடக்கம் வரை சுற்றாடல் குழுவின் தலைவர். 2009 டிசெம்பரில் கோப்பன்ஹேகன் காலநிலை மாநாடு கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவுமில்லாமல் முடிந்தபோது பாராளுமன்றத் தூதுக்குழுவோடு அங்கே இருந்தவர். குழுத் தலைவர் வேலை என்றால் என்ன? ஒரு சட்டமூலத்துக்கு வரும் நூற்றுக்கணக்கான திருத்தங்கள், எந்தச் சொல் எந்தப் பந்தியில் போனால் எந்த ஆலை தப்பும் என்று வாசிக்கத் தெரிந்திருப்பது. அந்த வாசிப்பை அவருக்குச் சட்டப்படிப்புக் கொடுத்தது. அவர் சட்டத்தை விடவில்லை, போன இடமெல்லாம் கொண்டு போனார்.

இரண்டாவது சோதனை

எழுதுங்கள். இதில் நான் நடுநிலையாக நிற்கப் போவதில்லை.

முதலாவது சோதனையோடு நின்றால் கையில் ஒரு பட்டம் இருக்கும். ஆனால் வழக்குப் பேச முடியாது, நீதிபதியாகவோ அமைச்சின் சட்ட அதிகாரியாகவோ போக அநேகமாக வழியில்லை. கட்சியில் தோற்ற அடுத்த நாள் வீட்டு வாடகை எங்கிருந்து வரும் என்ற கேள்வி உங்களை எல்லாவற்றுக்கும் தலையாட்ட வைக்கும். தனக்கென்று ஒரு தொழில் உள்ளவருக்குத்தான் கட்சிக் கூட்டத்தில் "இது பிழை" என்று சொல்லும் தைரியம் வரும். அரசியலுக்குப் போன சட்டத்தரணிகளில் நான் மதிக்கிற பலருக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்தது.

அந்த இரண்டு வருடத்தைச் சிறை போலப் பார்க்கிறீர்கள். நம்முடைய மாநிலத்தில் அதன் அமைப்பைப் பாருங்கள்: 5 மாதம் சிவில் நீதிமன்றம், 3 மாதம் வழக்குத்தொடுநர் அல்லது குற்றவியல் நீதிமன்றம், 3 மாதம் நிர்வாகம், 10 மாதம் சட்டத்தரணி அலுவலகம், கடைசி 3 மாதம் உங்கள் விருப்பம். நிர்வாகப் பகுதிக்கு ஆலைகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தொழிற்சாலை அனுமதிக் கோப்பு எத்தனை பெட்டி, அதில் சத்தம் பற்றிய அறிக்கை எங்கே, நீர் பற்றியது எங்கே, குடிமக்களின் ஆட்சேபங்களுக்கு அதிகாரி எப்படிப் பதில் எழுதுகிறார் என்று உள்ளேயிருந்து ஒரு முறை பார்த்துவிட்டால், பிறகு ஒரு அமைச்சராலும் உங்களை ஏமாற்ற முடியாது. பத்து மாதத்துக்குச் சுற்றாடல் வழக்குகள் செய்யும் அலுவலகம் ஒன்று. கடைசி மூன்று மாதத்துக்கு புரூசெல்ஸ்.

சட்டத்தால் ஒன்றும் நடக்காது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது எனக்கு வலித்தது. உங்கள் பக்கத்திலேயே லூனன் இருக்கிறது. அங்கே வரவிருந்த நிலக்கரி மின்நிலையத்துக்கு எதிராக ஒரு சுற்றாடல் சங்கம் போட்ட வழக்கில்தான், 2011 மே 12ஆம் திகதி, சுற்றாடல் சங்கங்கள் வழக்குப் போடும் உரிமையை ஜேர்மன் சட்டம் பிழையாக ஒடுக்கி வைத்திருக்கிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. மின்நிலையம் பிறகு இயங்கத் தொடங்கிவிட்டது, ஆனால் அதற்குப் பின் நாடு முழுவதும் சங்கங்கள் போட்ட வழக்குகளுக்கு வாசல் திறந்தது அந்தத் தீர்ப்பு. 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் காலநிலைச் சட்டத்தின் ஒரு பகுதியை, இளையவர்களின் எதிர்காலச் சுதந்திரத்தைப் போதிய அளவு காக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அரசாங்கம் அதே வருசம் காலநிலை நடுநிலை அடையும் இலக்கை 2045க்கு முன்தள்ளியது.

ஹம் மேல் நீதிமன்றம் இருக்கிறதே, நீங்கள் கோயிலுக்குப் போகும் அதே நகரத்தில். பெரு நாட்டு மலையிலிருந்து ஒரு விவசாயி, பனிப்பாறை உருகி ஏரி உடைத்தால் தன் வீடு போய்விடும் என்று, எசன் நகரத்து ஆர்.டபிள்யூ.இ. மின் கம்பனிக்கு எதிராக 2015இல் தொடங்கிய வழக்கு அங்கேதான் 2025 மே மாதம் முடிந்தது. அவருடைய வீட்டுக்கு உள்ள ஆபத்து போதாது என்று வழக்குத் தள்ளுபடியானது. ஆனால் பெரிய அளவில் புகை வெளியிடும் கம்பனிகள், உலகத்தின் மறுபக்கத்தில் உள்ள பாதிப்புக்கும் கொள்கையளவில் பொறுப்பாகலாம் என்று அதே தீர்ப்பில் நீதிபதிகள் எழுதினார்கள். பத்து வருடம் அந்த வழக்கை ஒரு சட்டத்தரணிக் குழு சுமந்தது. அவர்கள் எல்லோரும் இரண்டாவது சோதனைக்கு முன்னால் ஒரு நாள் உங்களைப் போலவே சலித்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள்.

கட்சியில் எங்கிருந்து தொடங்குவது

முழு நேரம் இறங்கத்தான் வேண்டும் என்றில்லை. நம்முடைய மாநிலத்தில் நகரசபைக் குழுக்களில் சபை உறுப்பினர் அல்லாத குடிமக்களையும் நியமிக்கலாம், "துறை அறிந்த குடிமகள்" என்று. கட்சிக் குழு பெயரைக் கொடுக்கும், சபை நியமிக்கும். குழுக்குள் வாக்களிக்கும் உரிமையும் உண்டு. உங்களிடம் குடியுரிமை இருக்கிறது, சட்டம் படித்திருக்கிறீர்கள். அடுத்த சபைத் தேர்தல் 2030இல் தான், அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, இடம் ஒன்று வெறுமையாகும்போது பெயரைச் சொல்லி வையுங்கள். பயிற்சி பெறும் இடத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நகரம் சம்பந்தப்பட்ட கோப்பு பயிற்சியில் கைக்கு வந்தால் ஒதுங்க வேண்டியதும் உங்கள் பொறுப்பு.

அங்கே முதல் வருடம் பேசப்படுவது மரம் வெட்டும் விதி, மழைநீர் வாய்க்கால், பேருந்துத் தரிப்பிடம். அலுப்பாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா? 60 பக்க நிகழ்ச்சி நிரலை வாசித்துவிட்டு வரும் ஒரே ஆளாக நீங்கள் இருங்கள், ஆறு மாதத்தில் எல்லோரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

தமிழ்ப் பெண்ணாக இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு நேராகச் சொல்கிறேன். கட்சிகள் உங்களைப் படம் எடுக்கக் கூப்பிடும், குடியேறியவர் விவகாரத்துக்கு மட்டும் பேசச் சொல்லும். அதற்கு ஒரு முறை போங்கள், இரண்டாவது முறை "நான் நீர்ச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். நான் சட்டத்தரணியாகி இருபது வருடத்துக்கு மேல். இன்றைக்கும் சில நீதிமன்ற வாசல்களில் மொழிபெயர்ப்பாளரா என்று கேட்கிறார்கள். கறுப்பு அங்கியைக் கையில் தூக்கிக் காட்டுவேன், வழி விடுவார்கள்.

அப்பாவுக்கு

உங்கள் அப்பாவின் பயத்தை "பழைய ஆட்கள்" என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1985இல் வந்தவருக்குப் பொலிஸ் முத்திரை குத்திய கடிதம் என்றால் ஊரில் வேறு பொருள், இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் வேறு பொருள். என் அப்பாவும் ஒவ்வொரு மஞ்சள் உறையையும் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

குடியுரிமை போய்விடுமா, நாடு கடத்துவார்களா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். இல்லை. இப்படியான தண்டத்துக்காக ஜேர்மன் குடியுரிமையை யாரும் பறிக்க முடியாது, அரசியலமைப்பே தடுக்கிறது. தேர்தலில் நிற்கும் உரிமையும் போகாது, அது பாரதூரமான குற்றத்துக்கு ஒரு வருடத்துக்குக் குறையாத சிறை வந்தால் வரும் பிரச்சினை. இதை நீங்கள் ஜேர்மனில் சொல்லி அவர் தலையாட்டியிருப்பார். தமிழில், மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கோப்பைப் பார்க்கச் சட்டத்தரணியிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வழக்கில் ஒவ்வொரு திகதிக்கும் பிறகு என்ன நடக்கும் என்று அவர் தன் கண்ணால் ஒருமுறை பார்க்கட்டும்.

சனி ஞாயிறு நாட்களுக்காகக் காத்திருக்காதீர்கள், உறையில் உள்ள பேனைத் திகதியிலிருந்து நாட்களை எண்ணுங்கள். ஆட்சேபம் போட்டதும் நகலில் நீதிமன்ற முத்திரை வாங்கி வையுங்கள். பயிற்சி விண்ணப்பத்தையும் அதே நாளில் நிரப்புங்கள், அடுத்த உள்வாங்கலுக்கான கடைசித் திகதியை இன்றைக்கே பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.